எட்டாம் படியில் சிவப்புப் பொத்தான்

கதவு தட்டும் சத்தத்திலேயே வந்திருப்பது அவள்தான் என்று தெரிந்துவிடும். மூன்று தட்டு, ஒரு சின்ன இடைவெளி, பிறகு இன்னும் ஒரு தட்டு. தட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொள்வாள். திறப்பவர் மிரளக் கூடாதாம். இருபத்திரண்டு வருடமாகக் கேள்வி கேட்பதே பிழைப்பாக இருந்ததால், அவள் நடக்கும் தெருக்களில் அவளுக்குப் பெயர் கேள்விக்காரி.

ஆரம்பத்தில் எந்த சோப்பு, எந்தப் பற்பசை என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி ஏழு வருடமாகப் பெரிய கேள்விகள். உங்கள் நாட்டில் லஞ்சம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? பக்கத்து நாட்டில்? தூரத்து நாட்டில்? இதே கேள்விகளை இதே மாதத்தில் பல நாடுகளில் பலர் வீடு வீடாகக் கேட்பார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி வருடக் கடைசியில் ஒரு பட்டியல் வரும். சுத்தமான நாடு உச்சியில், அழுக்கு நாடு அடியில். அன்று ஒருநாள் தொலைக்காட்சியில் கத்துவார்கள். மறுநாள் மறந்துவிடுவார்கள்.

அவளுடைய தோள்பையில் படிவக் கட்டோடு ஓர் ஏணி அட்டை இருக்கும். கெட்டி அட்டையில் பத்துப் படி வரைந்த ஏணி. உச்சிப் படி லஞ்சமே இல்லாத நாட்டுக்கு. அடிப் படி, லஞ்சம் இல்லாமல் மூச்சுகூட விட முடியாத நாட்டுக்கு. அலுவலகத்தில் கொடுத்த காகித வில்லைகள் மின்விசிறிக் காற்றில் பறக்கின்றன என்று, தையல்காரரான அவள் கணவர் தன் தகர டப்பாவைக் கிளறி ஐந்து பொத்தான்களை எடுத்துக் கொடுத்தார். நீலமும் பச்சையும் அண்டை நாடுகள். கறுப்பு, தினமும் செய்தியில் அடிபடும் சண்டைக்கார நாடு. வெள்ளை, எல்லோரும் பிழைக்கப் போக ஆசைப்படும் குளிர் நாடு. சிவப்பு, நம் நாடு.

அந்தப் பொத்தான்களை வைத்துக்கொண்டு ஜனங்கள் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே! முடிதிருத்துகிறவர் ஒருவர் சிவப்பை அடிப்படியில் வைத்துவிட்டு, "அக்கா, கீழ இன்னும் ரெண்டு படி வரைஞ்சு தாங்க, இடம் பத்தல" என்றார். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் சிவப்பை இரண்டில் வைத்தார். பிறகு நீலத்தைக் கையில் எடுத்து யோசித்து, அதை ஒன்றில் வைத்தார். "நாம எங்க இருந்தாலும் சரி, அவங்க நமக்குக் கீழ இருக்கணும். அவ்வளவுதான் என் கொள்கை."

அவள் சிரிக்கவும் மாட்டாள், தலையாட்டவும் மாட்டாள். சொன்னதைச் சொன்னபடி எழுதுவாள். வாங்கிய பதிலை வீட்டில்கூடச் சொல்ல மாட்டாள். வீட்டில் உட்கார்ந்து பொய்ப் படிவம் நிரப்புகிறவர்களை அவளுக்குக் கண்ணில் காட்டக் கூடாது. ஆறு வருடத்துக்கு முன் அவளோடு வேலை பார்த்த நெட்டையின் படிவங்களைச் சரிபார்க்கச் சொன்னார்கள். பதினொரு வீடு, பதினொன்றும் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியவை. அவள் போய்ச் சொன்னாள். நெட்டைக்கு வேலை போயிற்று. போகும்போது அவன் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. "எனக்கு அன்னைக்கு ஒரு காரணம் இருந்துச்சு அக்கா. உங்களுக்கும் ஒரு நாள் ஒரு காரணம் வரும்" என்று மட்டும் சொன்னான்.

அவன் இப்போது பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே நகலெடுக்கும் கடை வைத்திருந்தான். அவளுக்கு நகல் வேண்டுமென்றால் மூன்று தெரு சுற்றி வேறு கடைக்குப் போவாள்.

அந்த மாதம் அவள் மூன்று தெரு சுற்றும் வேலை அதிகமாகிவிட்டது. ஒரே மகள், செவிலியர் படிப்பு முடித்தவள், அந்த வெள்ளைப் பொத்தான் நாட்டில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். எல்லாக் காகிதமும் தயார், ஒன்றைத் தவிர. பிறப்புச் சான்றிதழில் பிறந்த மாதம் ஒன்று தள்ளிப் பதிவாகியிருந்தது. எவனோ ஒருவன் பேனா வழுக்கிய கோளாறு. திருத்தத்துக்குப் பதிவாளர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் காகிதங்களை ஒப்படைக்காவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்தவளுக்குப் போய்விடும்.

பத்தொன்பது நாளாகப் பதிவாளர் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தார். "பார்க்கலாம்."

என்ன பார்க்க வேண்டும், யார் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மற்றவர்கள் புரிந்துகொண்டு வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். இவளால் முடியவில்லை. ஊரெல்லாம் லஞ்சத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டு, எந்த முகத்தோடு உறையை நீட்டுவது?

செவ்வாய்க்கிழமை மதியம் வெயில் தலையைப் பிளந்தது. அவளுடைய வேலையில் வீட்டை அவளே தேர்ந்தெடுக்க முடியாது. தெருமுனையில் தொடங்கி வலது கைப்பக்கமாக ஒவ்வொரு ஏழாவது வீடு. அந்த வீட்டில் யாருக்கு அடுத்த பிறந்தநாள் வருகிறதோ அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் வாயாடியோ ஊமைச்சாமியோ, மாற்றக் கூடாது. ஐந்து, ஆறு, ஏழு. மூன்று தட்டு, இடைவெளி, ஒரு தட்டு.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டதும், "எனக்குத்தான் அடுத்த மாசம் பிறந்தநாள். இந்த வீட்டுல அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. உங்க சட்டத்துக்காவது ஞாபகம் இருக்கே, உள்ள வாங்க" என்றாள்.

கூடம் நிறையச் சாமான். இரண்டு குளிர்சாதனப் பெட்டி, ஒன்று இன்னும் பிரிக்காத அட்டைக்குள். கனமான ஜன்னல் திரை. ஒரே மாதிரி மூன்று சுவர்க் கடிகாரம், மூன்றும் மூன்று நேரம் காட்டின.

கேள்விக்காரி ஏணி அட்டையை மேசைமேல் விரித்தாள். அந்தப் பெண் மற்ற நாலு பொத்தான்களைச் சடசடவென்று வைத்தாள். சிவப்பைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டாள்.

"அவர் பக்கத்துல இருந்தா எட்டுன்னு சொல்லணும்."

"யாருங்க?"

"வீட்டுக்காரர். யார் வந்தாலும் சொல்லுவார். நம்ம நாடு எட்டாம் படி, வெளிநாட்டுக்காரன் பொறாமையில நம்மள மூணுல வெச்சிருக்கான்னு. நானும் தலையாட்டுவேன். பதினேழு வருஷமா எட்டு, எட்டு, எட்டு."

"அவர் சொல்றது வேணாம்மா. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அந்தப் பெண் அவளை உற்றுப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. பொத்தானை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். "அப்புறம் வைக்கிறேன். மத்ததைக் கேளுங்க."

பத்தொன்பதாவது கேள்வி வந்தது. 'கடந்த ஓராண்டில், ஒரு வேலை நடப்பதற்காக நீங்களோ உங்கள் வீட்டாரோ அரசு ஊழியர் எவருக்காவது பணமோ, பொருளோ, உதவியோ கொடுத்ததுண்டா?'

"கொடுத்ததுண்டான்னு மட்டும்தான் கேப்பீங்களா?" என்றாள் அந்தப் பெண். "வாங்கினதைக் கேக்க மாட்டீங்களா?"

கேள்விக்காரியின் பேனா நின்றது. அப்போதுதான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். கடிகாரங்களுக்கு நடுவே ஒரு புகைப்படம். மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தது பதிவாளர்!

எழுந்து போய்விடலாமா? காலும் எழப் பார்த்தது. ஆனால் எதிரே இருந்தவள் பேசத் தொடங்கிவிட்டாள். பதினேழு வருடம் பூட்டிக் கிடந்த வாய் திறக்கும்போது, பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போக எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்?

"இந்தத் திரை இருக்கே, இது யாரோ ஒருத்தரோட இறப்புச் சான்றிதழ். அந்தக் கடிகாரம் மூணும் மூணு குழந்தைங்களோட பேர்ப் பதிவு. இந்தப் பெட்டி எது தெரியுமா? ஒரு விதவை வந்து வாசல்ல நின்னு அழுதா, மறுவாரம் இது வந்து இறங்குச்சு. இதுல வெச்ச தண்ணிய நான் குடிக்கிறதில்ல அக்கா. குழாய்த் தண்ணிதான். எல்லாத்துக்கும் ஒரு முகம் இருக்கு. நான் கூட்டிப் பெருக்கும்போது அதெல்லாம் என்னையே பாக்குது."

படிவத்தின் கடைசியில் மூன்று வெற்றுக் கோடுகள் உண்டு. 'வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்.' நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒன்றுமில்லை என்பார்கள். கேள்விக்காரி அந்த மூன்று கோட்டுக்குள்ளும் ஓரத்திலும் பின்பக்கத்திலும் எழுதினாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

படிவத்தை மடிக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம்.

பதிவாளர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். உள்ளே வந்தவர் அட்டையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நீங்களா? ஆபீஸ்ல பாக்குறது பத்தாதுன்னு வீட்டுக்கே வந்துட்டீங்களா?"

"இல்ல சார், இது வேற வேலை. ஆய்வு. ஏழாவது வீடுன்னு..."

"தெரியும், தெரியும். எந்த நாடு திருட்டு நாடுன்னு ஆள் வெச்சுக் கேக்குறாங்களே, அதுதானே? ஏம்மா, ஒண்ணு கேக்குறேன். அவங்க ஊர்ல வாங்கினா அதுக்குப் பேர் ஆலோசனைக் கட்டணம். நம்ம ஊர்ல வாங்கினா லஞ்சம். இதுக்கு ஒரு ஏணி வேற!" சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். "எங்க, அம்மா என்ன சொல்லியிருக்காங்கன்னு பாப்போம்."

"காட்டக் கூடாதுங்க சார். யார்கிட்டயும் காட்டக் கூடாது. அது விதி."

"கதவு எண் எழுதியிருக்கு இல்ல அதுல?"

அவள் படிவத்தைப் பைக்குள் தள்ளினாள். எழுதியிருந்தது. சரிபார்க்க வருகிறவர்களுக்காகத் தெருவும் கதவு எண்ணும் எழுத வேண்டும்.

அவர் சிரிப்பு மாறவில்லை, குரல் மட்டும் இறங்கியது. "போன மாசம்தான் எங்க ஆபீஸ்ல ஒருத்தனைத் தற்காலிகமா நீக்கினாங்க. நேரம் சரியில்ல. நாளைக்குக் காலையில வாங்க. உங்க பொண்ணு ஃபைலைத் தேடி மேல எடுத்து வைக்கிறேன். நீங்க அந்தப் பேப்பரை எடுத்துட்டு வாங்க. நான் படிச்சுட்டுத் தந்துடுவேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். பாருங்க, உங்ககிட்ட நான் ஒரு டீகூடக் கேக்கல."

அவருக்குப் பின்னால் அந்தப் பெண் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். வலது கை இறுக மூடியிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. இவளைப் பார்த்து ஒரே ஒருமுறை, மிக லேசாக, தலையை அசைத்தாள். வேண்டாம்.

தெருவுக்கு வந்து பாதி தூரம் நடந்த பிறகுதான், சிவப்புப் பொத்தான் அந்தக் கைக்குள்ளேயே தங்கிவிட்டது ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம், வீட்டு முன்னறையிலேயே இருந்த தையல் கடையில் வெட்டுமேசைமேல் நடைத்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த வீடு எத்தனாவது என்று குறித்து வைக்கும் தாள் அது. பதிவாளர் கேட்டதை வந்ததுமே வீட்டில் சொல்லியிருந்தாள். வெட்டுமேசைக்கு அந்தப் பக்கம் கணவர் கோட்டு ஒன்றின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நான் தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன?"

"மூலை வீட்டுக்கு ரெண்டு வாசல். ஒண்ணு தெருப்பக்கம், ஒண்ணு சந்துப்பக்கம். நான் ரெண்டு வீடுன்னு எண்ணிட்டேன். அவர் வீடு ஏழாவது வீடே இல்ல. ஆறாவது."

"அப்படின்னா?"

"அந்தப் படிவம் செல்லாது. கணக்குல வராது. ரத்துன்னு எழுதி உறையில போட்டு ஒப்படைக்கணும், கிழிச்சுடுவாங்க."

கணவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "ஏம்மா, செல்லாத காகிதத்துக்கா இப்படி முகத்தைத் தூக்கி வெச்சிருக்க? எப்படியும் குப்பைக்குப் போறதுதானே. அவன் மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டுக் கையெழுத்தை வாங்கிட்டு வா."

"என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியாதுங்க."

"சொல்லு, தெரிஞ்சுக்கறேன்."

"சொல்ல மாட்டேன்."

"என்கிட்டயுமா?"

"உங்ககிட்டயும்தான்."

உள்ளறையிலிருந்து மகள் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கண்கள் சிவந்திருந்தன.

"அம்மா, ஒரே ஒரு பேப்பர். அதைக் கொடுத்தா என்ன?"

"கண்ணு, அந்தப் பொம்பளை..."

"யாரும்மா அந்தப் பொம்பளை? உனக்கு அக்காவா, தங்கச்சியா? மத்தியானம் அரை மணி நேரம் பார்த்தவ. நான் இருபத்துமூணு வருஷமா உன் பொண்ணு!" குரல் உடைந்தது. "பணம் கொடுக்க மாட்டேன்னு பத்தொன்பது நாள் உக்காந்திருந்த. சரின்னு நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்போ பணமும் கேக்கல. இதுக்கும் மாட்டேங்குற. உன் ஏணியில மேல இருக்குற நாட்டுக்குப் போகத்தானே நான் ஆசைப்பட்டேன்? அந்த ஏணியை வெச்சே என்னைக் கீழ தள்ளுறியேம்மா!"

அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவர் மறுபடி ஊசியை எடுத்தார். ஆனால் அந்தக் காஜாவில் அதற்குமேல் ஒரு தையலும் விழவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் விடியாததுமாக எழுந்தாள். வெட்டுமேசையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு புதுப் படிவத்தை உருவினாள். இருபத்திரண்டு வருடத்தில் செய்யாததைச் செய்ய, அந்தக் கை எப்படி ஒப்புக்கொண்டது என்று அவளுக்கே தெரியவில்லை. தெரு, கதவு எண், வயது. பத்தொன்பதாவது கேள்விக்கு 'இல்லை'. வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்? 'ஒன்றுமில்லை'. ஏணியில் நம் நாடு எந்தப் படி என்ற கட்டத்தில் மட்டும் பேனா தயங்கியது. பிறகு எழுதினாள். எட்டு.

உங்களுக்கும் ஒரு நாள் ஒரு காரணம் வரும். அந்தச் சொல் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

உண்மைப் படிவம் இருந்த உறையின்மேல் ரத்து என்று எழுதி ஒட்டி, கணவரின் பழைய தையல் இயந்திரத்தின் அடியறையில் வைத்துப் பூட்டினாள்.

பதிவாளர் அறையில் அன்று கூட்டம் இல்லை. மேசையில் மகளின் கோப்பு எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. சொன்னபடி எடுத்து வைத்திருந்தார். அவர் படிவத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாக, ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவள் சுவரோரமாக நின்றிருந்தாள்.

"எல்லாம் இல்லை, இல்லைன்னு இருக்கு."

"ஆமாங்க சார்."

"நேரம் போட்டிருக்கீங்களே, அரை மணி பேசியிருக்கா. இல்லைன்னு சொல்றதுக்கா அவ்வளவு நேரம்?"

"கேள்வி நிறைய சார். முப்பத்தொண்ணு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து நான் உள்ள வரும்போது மேசையில நாலு பொத்தான்தான் இருந்துச்சு. நான் இந்த நாற்காலியில உக்காந்து காகிதம் பாக்குறவன்மா. எது குறையுதுன்னுதான் என் கண்ணு முதல்ல தேடும். எட்டுன்னு எழுதியிருக்கீங்களே, எட்டாம் படியில பொத்தானே இல்லையே?"

"வெச்சுட்டு... மறுபடி கையில எடுத்துக்கிட்டாங்க சார்."

"அப்படியா? கேட்டுடலாமே." மேசைமேல் இருந்த தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். ஒலிபெருக்கியைத் திறந்து நடுமேசையில் வைத்தார். இவளைப் பார்த்து உதட்டின்மேல் விரல் வைத்தார்.

மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. எடுக்காமல் இருந்துவிடக் கூடாதா என்று அவள் உயிர் துடித்தது. ஐந்தாவது மணியில் குரல் வந்தது.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. நேத்து அந்தம்மா பொத்தான் கொடுத்து ஏணியில வைக்கச் சொன்னாங்களே, நம்ம நாட்டை நீ எத்தனாவது படியில வெச்ச?"

அந்தப் பக்கம் குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கேள்விக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? இங்கே ஒரு பொய்ப் படிவம் கிடக்கிறதென்று எப்படித் தெரியும்? வாய் தவறி ஒரு எண் மாறினால் போதும். மகளின் கையெழுத்தும் போச்சு, அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் போச்சு. ஒரு பக்கம் தன் பிள்ளை, ஒரு பக்கம் முந்தாநாள்வரை முகமே தெரியாத ஒருத்தி. இரண்டு பேரும் ஒரு நூலில் தொங்கினார்கள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. குழாயை மூடியிருக்கிறாள்.

"எட்டுதான்" என்றது குரல், அலுப்பாக. "வேற என்னத்தைச் சொல்லப் போறேன்? நீங்க எப்பவும் சொல்றதுதானே."

"பொத்தான் எங்க?"

"என் கையோட வந்துடுச்சு. அடுப்பு மேல இருந்த பாலை இறக்கப் போனேன், அப்படியே மறந்துட்டேன். அந்தம்மா வந்தா கொடுத்துடுறேன்னு சொல்லுங்க. சாப்பாடு கொடுத்து அனுப்பவா, வர்றீங்களா?"

"வர்றேன், வர்றேன்."

அவர் தொலைபேசியை வைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "பாத்தீங்களா? வீட்டுல நல்லா வளர்த்து வெச்சிருக்கேன்." கோப்பைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். படிவத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டார். "கொண்டு போய்க் கணக்குல சேர்த்துடுங்க. நம்ம நாட்டுக்கும் ஒரு மார்க் கூடட்டும்."

மாடிப்படியில் இறங்கினாள். கையில் மகளின் வாழ்க்கை இருந்தது. சந்தோஷப்படத் தெரியவில்லை. தெருவைக் கடந்தாள். மூன்று தெரு சுற்றப் போகாமல் நேரே எதிர்க் கடைக்குள் நுழைந்தாள்.

நெட்டை இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தான். தலையில் நரை விழுந்திருந்தது.

"வாங்க அக்கா. வழி தெரிஞ்சிருச்சா?"

"ரெண்டு நகல் வேணும்."

அவன் சான்றிதழை வாங்கிப் பார்த்தான். மை இன்னும் பளபளத்தது. "அந்த ஆள் கையெழுத்துப் போட்டுட்டானா! பத்தொன்பது நாளா நீங்க ஏறி இறங்குறதை இங்கிருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். எப்படிக்கா?"

அவள் பையிலிருந்து பொய்ப் படிவத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் இரண்டு வரி படித்தான். மூன்றாவது வரிக்குப் போகத் தேவையிருக்கவில்லை. ஒரே மை, ஒரே மூச்சு. அவனுக்குத் தெரியாதா?

"அன்னைக்கு உன் காரணம் என்னன்னு நான் கேக்கவே இல்ல" என்றாள் அவள். இருபத்திரண்டு வருடமாக எல்லோரையும் கேள்வி கேட்டவள் கேட்காமல் விட்ட கேள்வி அது. "இப்போ கேக்குறேன்."

நெட்டை இயந்திரத்தின் மூடியைத் திறந்து சான்றிதழை வைத்தான். "அன்னைக்கு என் சம்சாரம் ஆஸ்பத்திரியில இருந்தா. பதினொரு வீட்டுக்குப் போற நேரத்துல அவ பக்கத்துல இருந்தேன். அவ்வளவுதான்." வெளிச்சம் ஒருமுறை ஓடி நின்றது. "உக்காருங்க அக்கா. முகம் பேயடிச்ச மாதிரி இருக்கு. தண்ணி குடிங்க."

வியாழக்கிழமை மூன்று மணிக்கே மகள் காகிதங்களை ஒப்படைத்துவிட்டு வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு மட்டும் அம்மா பதில் சொல்லவில்லை.

மறுநாள் அவள் ஆய்வு அலுவலகத்துக்குப் போனாள். ரத்து உறையைக் கொடுத்து, தன் கண்முன்னால் கிழிக்கச் சொன்னாள். தெருவையும் கதவு எண்ணையும் மையால் அடித்துவிட்டுப் பொய்ப் படிவத்தையும் கொடுத்தாள். நடந்ததில் யாருடைய பெயரையும் வீட்டையும் சொல்லாமல், தான் செய்ததை மட்டும் சொன்னாள். மேலதிகாரி தலையைச் சொறிந்தார். "அம்மா, அது கணக்குலயே வராத வீடு. இந்தப் பொய்யும் கணக்குல வரல. எதுக்காக உங்களை நான் நீக்கறது?"

"பத்தொன்பதாவது கேள்வியை என்கிட்ட கேளுங்க சார். அரசு ஊழியர் ஒருத்தருக்கு ஒரு உதவி பண்ணி வேலையை முடிச்சிருக்கேன். ஆமான்னுதான் நான் சொல்லணும். அதுக்கப்புறம் இன்னொரு வீட்டுக் கதவை எப்படித் தட்டுவேன்?" ஏணி அட்டையையும் நாலு பொத்தான்களையும் மேசைமேல் வைத்தாள். "ஒண்ணு குறையுது. மன்னிச்சுக்குங்க."

ஏழு மாதம் கழித்து, மகள் அந்தக் குளிர் நாட்டிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, பட்டியல் வந்துடுச்சு. பாத்தியா? நம்ம நாடு ஒரு இடம் ஏறியிருக்கு! இங்க எல்லார்கிட்டயும் காட்டினேன்." இவள், "அப்படியா கண்ணு, சாப்பிட்டியா?" என்றாள்.

அன்று மாலை கணவர் துணி வாங்கப் போயிருந்தார். அவள் தனியாக உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தவளுக்கு ஊசி விரலில் குத்தியது.

பதிவாளரின் மனைவி தோளில் ஒரு பையோடு நின்றாள். "கேள்விக்காரின்னு விசாரிச்சேன், தையல்காரர் வீட்டைக் காட்டினாங்க. அண்ணன் வீட்டுல இருக்கேன், ரெண்டு மாசமா. கையில எதையும் எடுத்துட்டு வரல. என் துணியும் இதுவும் மட்டும்தான்."

மூடிய கையை நீட்டித் திறந்தாள். உள்ளங்கையில் சிவப்புப் பொத்தான்.

"செய்தியில பார்த்தேன். ஒரு படி ஏறிடுச்சாமே. நான் சொன்னது அதுல சேரலையே அக்கா?"

"சேரல."

"தெரியும். அன்னைக்கு அவர் ஃபோன்ல கேட்டப்பவே புரிஞ்சுது, நீங்க எனக்காக எட்டுன்னு எழுதியிருப்பீங்கன்னு." அவள் பொத்தானைப் பார்த்தாள். "ஆனா நான் இன்னும் வைக்கவே இல்ல. அப்புறம் வைக்கிறேன்னு சொன்னேன் இல்ல?"

கேள்விக்காரி எழுந்தாள். தைத்துக்கொண்டிருந்த சட்டையை ஒதுக்கினாள். வெட்டுமேசையில் கிடந்த தையல் சுண்ணக்கட்டியை எடுத்து, கறுப்புத் துணியின்மேல் நீளமாக இரண்டு கோடு இழுத்தாள். நடுவில் பத்துப் படி. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அந்தப் பெண் பொத்தானை அடிப்படிக்குக் கொண்டுபோனாள், அங்கே வைக்காமல் நிறுத்தினாள், பிறகு ஒரு படி மேலே வைத்தாள். இரண்டாம் படி. விரலை எடுக்காமல் அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுலதான் வைக்கணும். ஆனா நான் ஒருத்தி வெளிய வந்துட்டேன் இல்ல. அதுக்காக ஒரு படி."

கேள்விக்காரி தலையாட்டவில்லை, சிரிக்கவில்லை. பழைய வழக்கம் போகுமா? கண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்காமலே கேட்டாள்.

"வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களாம்மா?"

அந்தப் பெண் தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.